வண்ணப்படம் வெப்பமானி ஆகாது

ஐதராபாத்தின் மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் உள்ள கண்ணாடிக் கட்டடங்களில் நாள்தோறும் கார் எஞ்சின்கள் கொதிக்கின்றன, கணினித் திரையில். ஹூண்டாய் தன் இந்தியப் பொறியியல் மையத்தை 2006-இல் இந்நகரில் தொடங்கியது. இசட்.எஃப். நிறுவனத்தின் தொழில்நுட்ப மையம் 2017-இல் வந்தது. இவற்றைச் சுற்றிச் சிறிதும் பெரிதுமாகப் பொறியியல் சேவை நிறுவனங்கள் முளைத்தன. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் கார்களுக்கான பொறியியல் வேலையில் ஒரு பகுதியும் இங்கேயே நடக்கிறது. பானெட்டுக்கு அடியில் காற்று எவ்வழியே நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எந்தக் குழாய் எவ்வளவு சூடாகிறது என்று கணக்கிட்டுச் சொல்வது இந்நகரத்தின் தொழில்களுள் ஒன்றாகிவிட்டது. அக்கணக்கைத்தான் கணினி ஒப்புருவாக்கம், அதாவது சிமுலேஷன், என்கிறார்கள்.

அதே கட்டடங்களின் வாயிலுக்கு வெளியே, மே மாதப் பிற்பகலில், பயோடைவர்சிட்டி சந்திப்பில் ஒரு வாடகைக் கார் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டுச் சன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. வெப்பக் காட்டி மேலேறுவதைக் கண்ட ஓட்டுநர் செய்த முடிவு அது. திரையில் பச்சையும் நீலமுமாகத் தேர்ச்சி பெற்ற கார், சாலையில் ஏன் இப்படி நிற்க நேர்கிறது என்ற கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் கணக்குப் போட்டவர்கள். அவர்களுள் பலர், அவர்களை உருவாக்கிய கல்லூரிகளையும் சேர்த்து, வண்ணப்படம் வந்துவிட்டால் விடை வந்துவிட்டதாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை அறிவியல் அன்று.

எஞ்சின் அறையில் நடப்பதை முதலில் நேராகப் பார்க்கலாம். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தை நோக்கிச் செல்கிறது. மற்றொரு பங்கு குளிர்விக்கும் நீரின் வழியாக ரேடியேட்டருக்கும், எஞ்சியது புகைக்குழாய்க்கும் போகின்றன. புகைவாய்த் தொகுப்பான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, மிகுந்த சுமையில் 800 டிகிரி செல்சியஸ் வரை செல்லக்கூடும். அதன் அருகே ரப்பர் குழாய், ஞெகிழி மூடி, கம்பிக் கற்றை, மின்கலம் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சு ஆகிய மூன்றும் இங்கே ஒருசேர வேலை செய்கின்றன. கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுவது. மேற்பரப்பு 400 டிகிரியிலிருந்து 800 டிகிரிக்குச் சென்றால், கெல்வின் அளவில் அது 673-இலிருந்து 1073. அது உமிழும் வெப்பமோ ஆறு மடங்குக்கும் மேல். இவ்வளவு கூர்மையான சார்பு உள்ள இடத்தில், தொடக்க எண்ணில் செய்யும் சிறு பிழை முடிவில் சிறு பிழையாக நிற்பதில்லை.

இப்போது ஐதராபாத்தை அந்தக் கணக்கிற்குள் கொண்டுவருவோர் எத்தனை பேர்? இந்நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1966 ஜூன் 2 அன்று இங்கே 45.5 டிகிரி பதிவானது. கோடையில் 40-ஐத் தாண்டுவது இங்கே செய்தியே அன்று. 43 டிகிரி வெப்பத்தில், இந்த உயரத்தில், ஒரு கனமீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.05 கிலோகிராம். கடல் மட்டத்தில் 25 டிகிரியில் அது 1.18. மின்விசிறி தள்ளுவது கனஅளவை. வெப்பத்தைச் சுமப்பதோ நிறை. ஆகவே அதே விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும், சுமக்கும் காற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. ரேடியேட்டரில் உள்ள நீர் 100 டிகிரியில் இருப்பதாகக் கொண்டால், 25 டிகிரிக் காற்றுடன் அதற்குள்ள இடைவெளி 75. 43 டிகிரிக் காற்றுடன் 57. அங்கே கால்பங்கு போயிற்று. இரண்டையும் சேர்த்தால், ரேடியேட்டரின் திறனில் கால்பங்குக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடைப்பட்ட அளவு சாலையில் இறங்குமுன்பே கரைந்துவிடுகிறது. தார்ச்சாலையின் தகிப்பும், முன்னால் நிற்கும் பேருந்தின் புகையும் இன்னும் கணக்கில் வரவில்லை. இவற்றைச் செய்து பார்க்க மீக்கணினி வேண்டா. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் போதும்.

நின்றுகொண்டிருக்கும் காரில் இன்னொன்றும் நடக்கிறது. ரேடியேட்டரின் வழியாக வெளியேறிய சூடான காற்று, எதிர்க்காற்று இல்லாததால், பக்க இடுக்குகளின் வழியாக மீண்டும் முன்புறம் வந்து அதே ரேடியேட்டருக்குள் நுழைகிறது. இதைத் தடுப்பதற்காகவே தொழிற்சாலையில் ரப்பர் பட்டைகளும் ஞெகிழித் தடுப்புகளும் பொருத்தப்படுகின்றன. பம்பர் ஒருமுறை இடிபட்டுத் தெருமுனைப் பட்டறைக்குப் போய்வந்த காரில் அப்பட்டைகளைத் தேடிப் பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். அடிமூடி பெரும்பாலும் பட்டறையின் மூலையில் கிடக்கும். கணினி வடிவத்தில் மட்டும் அது என்றென்றும் இடத்தில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் கொடியது கார் நின்ற பின் வரும் வெப்பம். வெளிவட்டச் சாலை 158 கிலோமீட்டர் நீளம். கார்களுக்கு 120 கிலோமீட்டர் வேகம் வரை அனுமதி உண்டு. அதில் அரைமணி நேரம் விரைந்து வந்த கார் கச்சிபௌலியில் இறங்கியதும் நெரிசலில் சிக்குகிறது. விரைவில் காய்ந்த இரும்பு அப்படியே இருக்கிறது. அதைக் குளிர்வித்த எதிர்க்காற்று இல்லை. பின்னர் அலுவலகத்தின் நிலத்தடி நிறுத்தத்தில் எஞ்சினையும் அணைத்துவிட்டால், நீரை ஓட்டும் பம்பும் நின்றுவிடுகிறது. அடுத்த சில நிமிடங்களில் சுற்றியுள்ள ஞெகிழியும் ரப்பரும் ஓடும்போது இருந்ததைவிடக் கூடுதலாகச் சூடேறுகின்றன. சூடான காற்று தானாக மேலெழும் மெல்லிய ஓட்டம் ஒன்றே அப்போது மிச்சம். இந்நிலையைக் கணக்கிடுவது கடினம். காற்றின் அசைவு நொடியின் சிறு பின்னங்களில் மாறுகிறது. இரும்பு ஆறுவதோ பல நிமிடக் கதை. இரண்டையும் ஒரே கணக்கில் நடத்தினால் கணினி நாள்கணக்கில் ஓடும். ஆகையால் காற்றுக்கு ஒரு கணக்கு, திண்மப் பொருள்களுக்கு மற்றொரு கணக்கு என்று பிரித்து, இடையிடையே இரண்டையும் பேசவைக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் இதைச் செய்யாமல் இல்லை. ஆனால் கல்லூரி ஆய்வேடுகளிலும் சேவை நிறுவனங்களின் விளம்பரத் தாள்களிலும் எளிதான நிலையே திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது: நேர்ச்சாலை, சீரான வேகம், மாறாத காற்று, அழகிய படம்.

இந்தக் கலையின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது இன்னும் உறுத்த வேண்டும். பாய்ம ஓட்டத்தையும் வெப்பத்தையும் கணினியில் தீர்க்கும் முறைகளுள் உலகெங்கும் பயிலப்படும் 'சிம்பிள்' வழிமுறையை 1972-இல் பிரையன் ஸ்பால்டிங்குடன் சேர்ந்து வெளியிட்டவர் சுஹாஸ் படாங்கர். புனேயில் பொறியியலும் மும்பை ஐஐடியில் முதுநிலையும் படித்து இலண்டன் சென்றவர். 1980-இல் அவர் எழுதிய நூல் இன்றும் மாணவர்களின் மேசையில் இருக்கிறது. ஸ்பால்டிங்கும் லாண்டரும் 1974-இல் நிலைபெறச் செய்த கொந்தளிப்பு ஓட்ட மாதிரியில் ஐந்து மாறிலிகள் உள்ளன: 0.09, 1.44, 1.92, 1.0, 1.3. இவை வானத்திலிருந்து விழுந்தவை அல்ல; எளிய ஓட்டங்களை ஆய்வகத்தில் அளந்து, அவற்றோடு பொருந்துமாறு தேர்ந்தெடுத்தவை. குழாயிலும் தாரையிலும் பொருந்திய எண்கள், மேனிஃபோல்டுக்கும் கம்பிக் கற்றைக்கும் இடையே இரண்டு விரல் இடுக்கில் ஊரும் காற்றுக்குப் பொருந்துமா என்பதை அளந்து பார்த்தால் மட்டுமே சொல்ல முடியும். மென்பொருளின் முதல் சாளரத்தில் முன்கூட்டியே நிரப்பப்பட்டு வரும் அவ்வெண்களை ஒருமுறையும் ஏறிட்டுப் பாராமல் முனைவர் பட்டம் வரை சென்றுவிடலாம் என்பதுதான் இன்றைய நிலை.

சரிபார்ப்பு என்பது புதிய கோரிக்கையும் அன்று. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தின் பாய்மப் பொறியியல் ஆய்விதழ், ரோச், கியா, வைட் ஆகிய மூவரின் பெயரில் 1986-இலேயே ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டது. எண்முறைப் பிழையை மதிப்பிடாத கணக்கீட்டுக் கட்டுரைகளை ஏற்பதில்லை என்பது அதன் சாரம். கணக்கையும் அளவீட்டையும் எப்படி ஒப்பிடுவது, எஞ்சும் ஐயத்தை எப்படி எண்ணாகச் சொல்வது என்று அதே கழகம் 2009-இல் ஒரு தரநெறியே வகுத்தது. நாற்பது ஆண்டுகள் ஆகியும் இந்தியக் கல்லூரி ஆய்வேடுகள் பலவற்றில் 'சரிபார்ப்பு' என்ற தலைப்பின் கீழ் இருப்பது என்ன? வேறொருவர் செய்த மற்றொரு ஒப்புருவாக்கத்தோடு ஒப்பீடு. ஒரு கனவை மற்றொரு கனவு உறுதி செய்கிறது.

ரேடியேட்டரைப் பற்றிய ஆய்வுகளின் கதை தனிக்கதை. அர்கோன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் சோய் 1995-இல் நானோதிரவம் என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். நீரில் அலுமினா, தாமிர ஆக்சைடு போன்றவற்றின் நுண்துகள்களைக் கலந்தால் வெப்பத்தை நன்கு கடத்தும் என்பது கருத்து. அது நல்ல கேள்வி. பின்னர் இந்தியக் கல்லூரிகளில் அது ஓர் அச்சுவார்ப்பாயிற்று. துகளை மாற்று, விழுக்காட்டை மாற்று, மென்பொருளை ஓட்டு, 'வெப்பக் கடத்தல் மேம்பட்டது' என்று முடி. துகள்கள் படியுமா, குழாயை அடைக்குமா, பம்புக்குச் சுமை கூடுமா என்பவை எதிர்கால ஆய்வுக்கு விடப்படும். முப்பதாண்டுகள் ஆகியும் சாலையில் ஓடும் சாதாரணக் காரின் ரேடியேட்டருக்குள் அத்திரவம் நுழையவில்லை.

அந்த ரேடியேட்டருக்குள் உண்மையில் நுழைந்தது எது என்று யாராவது பார்த்ததுண்டா? ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீர். கூலன்ட் குறைந்தால் கைக்குக் கிடைத்த புட்டி நீரை ஊற்றுவது வழக்கம். உள்ளே சுண்ணாம்புப் படலம் படியும். வெளியே தகடுகளுக்கு இடையில் தூசியும் பூச்சியும் பஞ்சும் அடைத்திருக்கும். எஞ்சின் சூடேறுகிறது என்று சொன்னால், தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு 'இனிப் பிரச்சினை வராது' என்பார் மெக்கானிக். அவரைப் பழிப்பது எளிது. அவரிடம் இருப்பது பட்டறிவு. படித்தவர்கள் அவருக்குக் கொடுத்த மாற்று எதுவும் இல்லை. ஒப்புருவாக்கத்தில் ரேடியேட்டர் ஒரு நுண்துளைப் பொருளாக இரண்டு எண்களால் குறிக்கப்படுகிறது. அவ்விரண்டு எண்களும் தயாரிப்பாளரின் சோதனை மேடையில், தூசி படாத புத்தம் புதிய ரேடியேட்டரில் எடுத்தவை. ஐந்தாண்டு ஓடிய ரேடியேட்டருக்கு அவ்வெண்கள் என்ன என்பதை அளப்பது ஒரு முதுநிலை மாணவர் ஆறு மாதத்தில் முடிக்கக்கூடிய வேலை. ஆனால் அதில் பளபளப்பு இல்லை.

உயிருக்கு ஆபத்தான இடம் கம்பிகள். வாகனக் கம்பிகளின் உறைக்கு உலகத் தரநெறியில் வகுப்புகள் உண்டு: 85, 100, 125, 150 டிகிரி என ஏறிச்செல்லும். வீட்டு மின்கம்பியின் சாதாரண பி.வி.சி. உறைக்கு வரம்பு 70 டிகிரி. துணைக்கருவிக் கடையில் கூடுதல் ஹாரனோ, பனிவிளக்கோ, திருட்டு எச்சரிக்கைக் கருவியோ பொருத்தும்போது எந்தக் கம்பி உள்ளே போகிறது என்பது கடைக்காரரின் அன்றைய இருப்பைப் பொறுத்தது. காப்புப் பொருள்களின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பழைய விதி. அப்படியானால் ஒரு கணக்கு 10 டிகிரி பிழைபட்டால், அது கம்பியின் ஆயுளைப் பற்றிச் சொன்னது இருமடங்கு பிழை. வண்ணப்படத்தின் கீழே 'கூடவோ குறையவோ எத்தனை டிகிரி' என்ற ஒரு வரி இல்லையென்றால், அப்படம் கம்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மஞ்சளா ஆரஞ்சா என்று பேசிக்கொண்டிருக்கலாம்.

இது கற்பனை அச்சம் என்போர் டாட்டா நானோவை நினைத்துப் பார்க்கலாம். 2009-இல் சாலைக்கு வந்த, பின்புறம் 624 சிசி எஞ்சின் கொண்ட அச்சிறு கார்களுள் சில தீப்பிடித்தன. நிறுவனம் ஆராய்ந்து, 2010-இல் விளக்கம் சொன்னது: வடிவமைப்பில் குறையில்லை, வெளியில் பொருத்திய மின்கருவியோ, புகைக்குழாய் மீது தங்கிவிட்ட அயல்பொருளோ காரணம். அதே ஆண்டின் இறுதியில், புகைக்குழாய்க்கும் மின்னமைப்புக்கும் கூடுதல் பாதுகாப்பைக் கட்டணமின்றிப் பொருத்தித் தர முன்வந்தது; இது திரும்பப் பெறுதல் அன்று என்றும் கூறியது. அவ்விளக்கத்தை அப்படியே உண்மை என்று ஏற்றுக்கொண்டாலும், எழும் கேள்வி பொறியியலுக்கே உரியது. இந்நாட்டில் காரை வாங்குபவர் கூடுதல் மின்கருவி பொருத்துவார் என்பதும், துடைத்த துணி எஞ்சின் அறையில் மறந்து கிடக்கும் என்பதும், எலி கூடு கட்டும் என்பதும் வடிவமைப்பாளருக்குத் தெரியாத செய்திகளா? தெரிந்த ஒன்றைக் கணக்கில் சேர்க்காமல், நேர்ந்த பின் அதை 'அயல்' என்று அழைப்பது வசதியான இலக்கணம். நீண்டதூரப் பேருந்துகளின் எஞ்சின் அறைக்குத் தீயைக் கண்டறிந்து அணைக்கும் அமைப்பு வேண்டும் என்று ஏஐஎஸ்-135 தரநெறி சொல்கிறது. எஞ்சின் அறை எரியக்கூடிய இடம் என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு அதைவிடச் சான்று வேண்டா.

இனி வழக்கமான மறுப்புகள். ஒப்புருவாக்கம் மலிவானது, காரின் முதல் மாதிரி உருவாகுமுன்பே தவறுகளைக் காட்டுகிறது என்பார்கள். முற்றிலும் உண்மை. இரண்டு வடிவங்களில் எது மேல் என்று ஒப்பிட அதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் 'எது மேல்' என்பதும் 'எத்தனை டிகிரி' என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதலாவதற்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கு விற்பதுதான் மோசடி.

நிறுவனங்கள் வடிவத்தைத் தருவதில்லை, மாணவர் என்ன செய்வார் என்பது அடுத்தது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆடி, பிஎம்டபிள்யூ நிறுவனங்களோடு சேர்ந்து 'டிரைவேர்' என்ற பொது மாதிரிக் காரை 2012-இலேயே எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஓப்பன்ஃபோம் மென்பொருள் 2004 முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. மும்பை ஐஐடியின் ஃபாசீ திட்டம் அதைக் கற்பிக்கிறது. ஐதராபாத் ஐஐடியில் 838 டெராஃபிளாப் திறனுள்ள பரம் சேவா மீக்கணினி இருக்கிறது. திருச்சி என்ஐடியில் பரம் பொருள் இருக்கிறது. வடிவமும் மென்பொருளும் கணினியும் இருக்க, இல்லாதது வெப்பமானியைக் கையில் எடுத்துச் சாலையில் இறங்கும் மனம்.

மூன்றாவது மறுப்பு புதியது: மின்கார் வந்துவிட்டது, எஞ்சின் அறையே பழங்கதை. வெப்பம் இடம் மாறியதைத் தீர்ந்துபோனதாகக் கொள்ளும் மயக்கம் இது. 100 டிகிரி நீரைக் குளிர்விக்க 43 டிகிரிக் காற்று ஓரளவு உதவும். 40 டிகிரிக்குக் கீழே வைத்திருக்க விரும்பும் மின்கலத்துக்கு அதே காற்று எதிரி. 2022-இல் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தபோது டிஆர்டிஓ-வின் தீ ஆய்வு மையத்திடம் விசாரணை ஒப்படைக்கப்பட்டு, மின்கலத் தரநெறியான ஏஐஎஸ்-156 திருத்தப்பட்டது. எரிந்த பின் திருத்துவது இங்கே மரபாகிவிட்டது. (ஐதராபாத் தன் மின்கார்ப் பெருமையை உசேன் சாகர் கரையில் ஃபார்முலா ஈ பந்தயமாக உலகுக்குக் காட்டியது 2023 பிப்ரவரி 11 அன்று. மே மாதத்தில் அன்று.)

அரசின் பங்கும் சிறிதன்று. நேட்ரிப் திட்டத்தில் 3,700 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டு ஒரகடம், மானேசர், பிதாம்பூர் முதலிய இடங்களில் சோதனை மையங்கள் எழுந்தன. மக்கள் பணத்தில் எழுந்த மையங்கள் மக்கள் பயன்படுத்தும் அளவீடுகளை வெளியிட வேண்டும் என்று கேட்பது மிகையாகாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு சேர்ந்தது; குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற ஆணையிட அரசுக்கு அதிகாரம் வந்தது. விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. அவை புகார்களின் எண்ணிக்கையைப் பார்க்கின்றன. ஒரு கார் எரிந்தால் அதன் எஞ்சின் அறையில் எது முதலில் எரிந்தது, அவ்விடத்தின் வெப்பநிலை எவ்வளவாக இருக்கும் என்று கணக்கிடப்பட்டிருந்தது என்பவற்றை அடுத்த மாணவரோ அடுத்த வடிவமைப்பாளரோ படிக்கக்கூடிய அறிக்கையாக யார் வெளியிடுவது?

இதற்குத் தேவையானது பெரிதன்று. பழைய கார் ஒன்று. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கே வகை வெப்ப இரட்டைகள் இருபத்து நான்கு: மேனிஃபோல்டின் அருகே, மின்கலத்தின் மேல், ரேடியேட்டரின் முன்னும் பின்னும், கம்பிக் கற்றையின் ஓரம், தீச்சுவரின் மீது. நொடிக்கு ஒருமுறை பதியும் ஒரு பதிவுக் கருவி. மே மாதப் பிற்பகலில் வெளிவட்டச் சாலையில் அரைமணி, கச்சிபௌலி முதல் அமீர்பேட்டை வரை நெரிசலில் ஒன்றரை மணி, பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு நிழலில் ஒரு மணி. வாய்மொழித் தேர்வில் வண்ணப்படத்தைக் காட்டும் மாணவரிடம் தேர்வாளர் இந்தக் கோப்பை நீட்டி, 'உமது கணக்கு இதில் எந்த வரியோடு பொருந்துகிறது?' என்று கேட்கலாம். மூன்று மணி நேரத்தில் சேர்வது ஏறத்தாழ இரண்டரை லட்சம் எண்கள். ஒரே மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிவிடக்கூடிய கோப்பு.